சண்டை குறையவும் ஒதுங்கியவர்கள் பேசவும்: தமிழ்க் குழு அட்மின்களுக்கான முழுமையான வழிகாட்டி

குழு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கெட்ட வார்த்தையை மட்டுமே காவல் காக்கிறார்கள். யாராவது அசிங்கமாகத் திட்டினால் செய்தியை அழிக்கிறார்கள், மறுபடி திட்டினால் ஆளை வெளியேற்றுகிறார்கள். அது செய்ய வேண்டியதுதான். ஆனால் தமிழ்க் குழுக்களிலிருந்து பெண்களும், தலித்துகளும், திருநர்களும், மலையகத்துக்காரர்களும், எழுத்துத் தமிழ் சரளமாக வராத வெளிநாட்டுப் பிள்ளைகளும் சத்தமில்லாமல் விலகிப் போவது பெரும்பாலும் வசைச்சொல்லால் அல்ல. "சொந்த ஊர் எது?" என்று கேட்டு, ஊர் பெயர் வந்ததும் "அங்க எந்தத் தெரு?" என்று கேட்கிறவர் ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை. "முதல்ல ஒற்றுப்பிழை இல்லாம எழுதக் கத்துக்கங்க" என்கிறவரும் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தனிச்செய்தியில் "ஹாய் சிஸ்டர், சாப்டீங்களா" என்று அனுப்புகிறவரின் செய்தியோ குழுவிலேயே வராது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கையாளும் முறை கீழே இருக்கிறது. நூறு முதல் ஆயிரம் பேர் வரை உள்ள வாட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக் குழுக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வாசிப்பு வட்டம், இயற்கை விவசாயக் குழு, பழைய மாணவர் குழு, குடியிருப்போர் குழு எதற்கும் பொருந்தும்.

1. விதி எழுதுவதற்கு முன் கணக்கெடுங்கள்

கடைசி ஒரு மாத உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குள் மூன்று புள்ளியைத் தொட்டு "மேலும்" என்பதற்குள் போனால் எக்ஸ்போர்ட் சாட் இருக்கும். படங்கள் வேண்டாம், எழுத்து மட்டும் போதும். டெலிகிராமில் இதைக் கணினிச் செயலியில் செய்யலாம். வரும் கோப்பை எக்செல்லில் போட்டு நான்கு விஷயங்களை எண்ணுங்கள்.

முதலாவது, அதிகம் எழுதும் பத்துப் பேர் மொத்தச் செய்திகளில் எத்தனை சதவீதம் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்தவரை பெண்கள் உறுப்பினர் எண்ணிக்கையில் எத்தனை பங்கு, செய்திகளில் எத்தனை பங்கு. மூன்றாவது, பதிலே வராமல் போன கேள்விகள் யாருடையவை. நான்காவது, ஒரே ஒரு முறை எழுதிவிட்டு அதன்பின் வாயே திறக்காதவர்கள் யார், அந்த ஒரே செய்திக்கு என்ன பதில் வந்தது.

அதிகம் காட்டிக்கொடுப்பது மூன்றாவது கணக்குதான். ஒருவரைத் திட்டினால் யாராவது தட்டிக் கேட்பார்கள். கேள்வி கேட்டு அப்படியே கிடக்க விட்டால் அது யார் கண்ணிலும் படாது. கேட்டவர் மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்களின் பட்டியலை உறுப்பினர் பட்டியலின் அடியில் பார்க்கலாம். முன்பு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களாகப் பார்த்து ஐந்தாறு பேருக்கு எழுதுங்கள். "ஏன் போனீங்க?" என்று கேட்டால் "நேரமில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "குழுவை ஒழுங்குபடுத்தப் பார்க்கிறோம். திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் இருந்தபோது எரிச்சலூட்டிய ஒரு விஷயத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். பெயர் வெளியே வராது."

எண்ணி முடித்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். அதில் எல்லோருடைய எண்ணும் பேச்சும் இருக்கிறது. "யார் எவ்வளவு பேசினார்கள்" என்ற பட்டியலைக் குழுவில் போடுவது புதுச் சண்டைக்கு விறகு.

2. எந்தத் தளத்தில் என்ன முடியும்

வாட்ஸ்அப்பின் பெரிய குறை, குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் தெரிவது. ஒரு பெண் குழுவில் ஒரு கேள்வி கேட்டால் அவர் எண் நானூறு பேர் கண்ணில் படுகிறது. பலர் பேசாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும். இரண்டாவது குறை, தனி ஒருவரைச் சில நாள் மட்டும் பேசவிடாமல் நிறுத்த வழி இல்லை. ஒன்று ஆளை நீக்க வேண்டும், அல்லது "அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்" என்று மொத்தக் குழுவையும் பூட்ட வேண்டும். குறிப்பிட்ட சொற்கள் வந்தால் பிடிக்கும் சொல் வடிகட்டியும் கிடையாது. உறுப்பினர் எண்ணிக்கை 1024-க்கு மேல் போகாது.

டெலிகிராமில் இயல்பாகவே உங்கள் எண் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களிடமிருந்தும் மறைக்க ஒவ்வொருவரும் தம் தனியுரிமை அமைப்பில் "என் எண்ணை யார் பார்க்கலாம்" என்ற இடத்தில் "யாருமில்லை" என்று மாற்ற வேண்டும். சேரும்போதே இதைச் சொல்லிக்கொடுங்கள். தனி ஒருவரை ஒரு நாளோ ஒரு வாரமோ பேசாமல் நிறுத்தலாம். மெதுமுறையில் ஒருவர் இரு செய்திகளுக்கு இடையே சில வினாடி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கும்படி வைக்கலாம். அட்மின்கள் செய்தவை 48 மணி நேரத்துக்குப் பதிவில் இருக்கும். எந்த அட்மின் எதை அழித்தார் என்ற தகராறு வரும்போது அது கைகொடுக்கும்.

பேஸ்புக் குழுவில் சேர விரும்புகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம், குறிப்பிட்ட சொல் வந்தால் அட்மினுக்கு அறிவிப்பு வரும்படி செய்யலாம். பெயர் காட்டாமல் பதிவிட விட்டாலும் அட்மின்களுக்கு அந்தப் பெயர் தெரியும். இதை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும்.

எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், மாற முடியாது என்றால் அறிவிப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டு, விவாதத்தை டெலிகிராமுக்கு நகர்த்துங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் பேச வருகிறவர்கள்.

3. விதிகள்: எதைத் தடுக்கிறோம் என்று வெளிப்படையாக

"மரியாதையாகப் பேசவும்" என்ற விதியால் பயனில்லை. எது மரியாதை என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அறுபது வயதுக்காரரை இருபத்தைந்து வயதுப் பெண் எதிர்த்துப் பேசினால் அதையே மரியாதைக் குறைவு என்கிறவர்கள் உண்டு.

அதைவிட ஆபத்தான விதி, பல குழுக்களில் இருக்கும் "சாதி, மதம், அரசியல் பேசக் கூடாது". பார்க்க நடுநிலையாகத்தான் தெரியும். நடைமுறையில் "எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை" என்று ஒருவர் சொன்னால் அவர்மீதுதான் இந்த விதி பாய்கிறது. முகப்புப் படத்தில் சாதித் தலைவரை வைத்துக்கொண்டு "ஆண்ட பரம்பரை" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர் குழுவுக்குள் எதுவும் பேசாததால் தப்பித்துவிடுகிறார். தடுக்க வேண்டியது சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும், சாதியைக் கண்டுபிடிக்கத் துருவுவதையும், சாதிப் பெருமை அடிப்பதையும். பட்ட அனுபவத்தைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது.

இந்த விதிகளை எடுத்து உங்கள் குழுவுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

1. எல்லோரையும் "நீங்கள், அவர்" என்றே குறிப்பிடுங்கள். நெருங்கிய நண்பராக இருந்தாலும் இங்கே வாடா, போடி வேண்டாம்.
2. ஊர், தெரு, குலதெய்வம், உணவுப் பழக்கம் கேட்டு யாருடைய சாதியையும் மதத்தையும் துருவாதீர்கள். தானாகச் சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம்.
3. கேட்டாலொழிய யாருடைய எழுத்துப் பிழையையும் வட்டார வழக்கையும் திருத்தாதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதலாம், குரல் பதிவு போடலாம்.
4. குழுவில் பார்த்த எண்ணுக்கோ கணக்குக்கோ அனுமதி கேட்காமல் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். அனுமதியைக் குழுவிலேயே கேளுங்கள்.
5. கருத்தை மறுக்கலாம். ஆளின் படிப்பு, தோற்றம், குடும்பம், பால், வயது பற்றிப் பேச வேண்டாம்.
6. ஒருவர் தன் வேதனையையோ புகாரையோ சொல்லும்போது மீம், ஸ்டிக்கர் போட்டுக் கிண்டல் செய்ய வேண்டாம்.
7. இங்கே பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே பகிர வேண்டாம். தொல்லைக்கு ஆளானவர் புகாருக்காக எடுப்பது மட்டும் விலக்கு.

முதல் விதி சிறியதாகத் தெரியலாம். தமிழில் பகைமை வினைமுற்றிலேயே ஏறி உட்கார்ந்துவிடும். "அவர் சொல்றார்" என்பது "அவன் சொல்றான்" ஆகும் இடத்தில்தான் விவாதம் சண்டையாகிறது. யாரை ஒருமையில் அழைக்கலாம் என்பதில் சாதியும் பாலும் வர்க்கமும் எப்போதும் இருந்திருக்கின்றன. அட்மினுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: இது தீர்ப்புச் சொல்ல வேண்டாத விதி. ஒருமை வந்ததா இல்லையா என்பது திரையிலேயே தெரியும்.

மூன்றாவது விதிக்கு எதிர்ப்பு வரும். "தமிழ் அழியுதே" என்பார்கள். ர, ற குழப்பத்துக்காக ஒருவரை எல்லோர் முன்பும் திருத்தினால் அவர் ற எழுதக் கற்றுக்கொள்வதில்லை, எழுதுவதை நிறுத்துகிறார். யாழ்ப்பாணத்துக்காரர் "கதைக்கிறம்" என்று எழுதியதைத் திருத்துவது அறியாமை. மொழித் திருத்தம் விரும்புகிறவர்களுக்குத் தனி இழை ஒன்று திறந்து கொடுங்கள். அங்கே போய்ச் சந்திப்பிழையைப் பிரித்து மேயட்டும்.

திருநங்கை, திருநம்பி போன்ற சொற்களில் சந்தேகம் வந்தால், தமிழக அரசு 2022-ல் வெளியிட்ட பால்புதுமையினர் சொற்பட்டியலைப் பின்பற்றலாம். அதற்கும் மேலாக, ஒருவர் தன்னை எந்தப் பெயரில் சொல்கிறாரோ அதுவே அவர் பெயர்.

விதிகளை எழுதி ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ரெடிட் என்ற ஆங்கில விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விவாதங்களில் சிலவற்றின் உச்சியில் மட்டும் விதிகளைத் தெரியும்படி வைத்துப் பார்த்தார்கள். புதியவர்கள் விதியை மதிப்பது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது, புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி தெரிந்தால் பயந்து பேசாமல் இருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம், நடந்ததோ தலைகீழ். சூடான தலைப்பு ஒவ்வொன்றையும் தொடங்கும்போது பொருத்தமான இரண்டு விதியை முதல் செய்தியிலேயே போடுங்கள். ஏழையும் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

4. வாசலில்

சேரும்போது இரண்டு கேள்வி போதும்: "இந்தக் குழுவில் எதைப் பேச விரும்புகிறீர்கள்?" "நான்காவது விதி என்ன சொல்கிறது?" இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத விதியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஊர், வேலை, புகைப்படம் எதையும் கேட்காதீர்கள். "அறிமுகம் செய்துகொள்ளுங்கள்: பெயர், சொந்த ஊர், பணி" என்ற வழக்கமான வரவேற்பு இரண்டாம் விதியை அட்மினே மீறுவது.

புதியவரின் முதல் செய்திக்கு ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும். அட்மின் அணியில் ஒருவர் அதற்கென்றே இருக்கட்டும். அவரே பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை, விஷயம் தெரிந்தவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டால் போதும்.

5. சொல் வடிகட்டி: தமிழில் ஏன் தோற்கிறது

டெலிகிராம் பாட்களிலும் (குழுவில் சேர்க்கும் தானியங்கி நிரல்கள்) பேஸ்புக்கிலும் தடைச்சொல் பட்டியல் வைக்கலாம். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட கருவிகள் இவை. தமிழில் நான்கு இடத்தில் சறுக்கும்.

வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து ஒரு சொல் பல வடிவம் எடுக்கும். முழுச்சொல்லைத் தடுத்தால் பாதி தப்பிவிடும். அதற்காக வேர்த்துண்டைத் தடுத்தால் நல்ல சொல் மாட்டும். "நாய" என்ற துண்டைத் தடுத்தால் "நாயே" மாட்டும், கூடவே நாயகனும் நாயன்மாரும் நாயக்கர் காலக் கோயிலும் மாட்டும்.

அடுத்தது எழுத்துக் குறியீடு. "கொ" என்பதை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே உயிர்மெய்க் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டச்சலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கருவிக்கு வேறு. "கௌரவம்", "கெளரவம்" இரண்டும் வேறு வேறு எழுத்துகள் என்பதே பலருக்குத் தெரியாது. ஒகர, ஓகார, ஔகாரச் சொற்களை எல்லா வடிவிலும் பட்டியலில் சேருங்கள்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துத் தமிழ். நெடிலை ஒருவர் ஓர் எழுத்தாலும் இன்னொருவர் இரண்டாலும் எழுதுவார். ஒரே வசை ஏழெட்டு விதமாக வரும். நான்காவது, குரல் பதிவும் ஸ்டிக்கரும். வடிவேலு ஸ்டிக்கரில் எந்தத் தடைச்சொல்லும் இல்லை. பாலியல் தொல்லை பற்றிப் பேசிய பெண்ணுக்குக் கீழே அது வந்து விழுந்தால் அந்த உரையாடல் அங்கேயே முடிந்தது.

ஆகவே பட்டியலைச் சின்னதாக வையுங்கள். எந்தச் சூழலிலும் நல்ல பொருள் இல்லாத இருபது, முப்பது சொல் போதும். தானாக அழிக்கவிடாதீர்கள், அட்மினுக்கு அறிவிப்பு மட்டும் வரட்டும். சாதிப் பெயர்களைத் தடைப்பட்டியலில் போடவே கூடாது. போட்டால் தன்மீது வீசப்பட்ட வசையை மேற்கோள் காட்டிப் புகார் செய்கிறவரின் செய்திதான் முதலில் மறையும்.

6. சண்டை நடக்கும்போது

ஓர் இயற்கை விவசாயக் குழு என்று வைத்துக்கொள்வோம். மாடித் தோட்டம் போடும் ஒரு பெண் கேட்கிறார்: "பஞ்சகவ்யா தெளிக்க எவ்வளவு தண்ணி கலக்கணும்?" பத்து நிமிடத்தில் ஒரு பதில்: "இதுகூடத் தெரியாம எதுக்கும்மா குரூப்ல இருக்க? வீட்ல ஆம்பளைங்க இருந்தா கேட்கச் சொல்லு." கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். இன்னொருவர் அந்தப் பெண்ணுக்காகச் சண்டைக்குப் போகிறார்: "நீ என்ன பெரிய விவசாயியா?"

இங்கே அட்மின் முதலில் செய்ய வேண்டியது, கேள்விக்குப் பதில் சொல்வது. "பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, அதாவது மூன்று சதவீதம். வடிகட்டித்தான் தெளிக்கணும், இல்லைன்னா தெளிப்பான் முனை அடைச்சுக்கும். கையால தெளிக்கிற சின்னத் தோட்டம்னா ஒரு லிட்டருக்கு 30 மில்லி." பேச்சு மறுபடி அவர் கேட்ட விஷயத்துக்கே வந்துவிடுகிறது. கேட்டவர் இப்போது அவமானப்பட்டவர் மட்டும் அல்ல, கேட்டது கிடைத்தவர்.

இரண்டாவது, அந்தச் செய்தியை அழித்துவிட்டு விதி எண்ணோடு ஒரு வரி: "ஒன்றாம், ஐந்தாம் விதிப்படி ஒரு செய்தியை நீக்கியிருக்கிறோம். எந்த அடிப்படைக் கேள்வியும் இங்கே கேட்கலாம்." காரணம் சொல்லிச் செய்தியை நீக்கினால், அதை எழுதியவரின் செய்திகள் பின்னாளில் நீக்கப்படும் வாய்ப்பு குறைகிறது என்பதை ரெடிட்டை வைத்து 2019-ல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. சத்தமில்லாமல் அழித்தால் "என் கருத்தை மறைக்கிறாங்க" என்று அதையே மறுபடி போடுவார்கள்.

மூன்றாவது, எழுதியவருக்குத் தனியாக: என்ன நீக்கப்பட்டது, எந்த விதி, அடுத்த முறை என்ன நடக்கும். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசி ஒருமையில் இறங்கியவருக்கும் அதே அறிவிப்பு போக வேண்டும். நல்ல நோக்கத்துக்காக ஒருமையை விட்டுவைத்தால் அடுத்த வாரம் எல்லோருக்கும் நல்ல நோக்கம் இருக்கும்.

நான்காவது, கேள்வி கேட்ட பெண்ணுக்குத் தனியாக ஒரு வரி. பெரும்பாலான அட்மின்கள் மறப்பது இதைத்தான். திட்டியவரோடு அரை மணி நேரம் வாதாடுவார்கள், திட்டு வாங்கியவரிடம் ஒரு சொல் பேசமாட்டார்கள்.

தண்டனைப் படிகள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் முறை எச்சரிக்கை, 60 நாளுக்குள் இரண்டாம் முறை என்றால் மூன்று நாள் பேச்சு நிறுத்தம், மூன்றாம் முறை 30 நாள், நான்காவது வெளியேற்றம். வாட்ஸ்அப்பில் நிறுத்தி வைக்க முடியாது என்பதால், நீக்கிவிட்டு எந்தத் தேதியில் மீண்டும் சேர்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியில் சேர்க்கவும் வேண்டும். பாலியல் தொல்லை, சாதி இழிவு, மிரட்டல், ஒருவரின் முகவரியையோ படத்தையோ வெளியிடுவது ஆகியவற்றுக்குப் படிகள் கிடையாது, உடனே வெளியேற்றம்.

இருவர் மாறி மாறி எழுதிக்கொண்டே போனால் யார் சரி என்று பார்க்காமல் மெதுமுறையை 15 நிமிடத்துக்கு வையுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவை ஒரு மணி நேரம் பூட்டி, எப்போது திறக்கும் என்று எழுதுங்கள். திறக்கும் நேரம் சொல்லாமல் பூட்டினால் சண்டை தனிச்செய்திகளுக்குப் போய் இன்னும் மோசமாகித் திரும்பும். தேர்தல் முடிவு நாளிலும், ஊரில் சாதிக் கலவரச் செய்தி வரும் நாளிலும் காலையிலேயே மெதுமுறை போட்டுவிடுவது நல்லது.

7. பேசாதவர்களைப் பேச வைப்பது

சண்டை நின்றால் ஒதுங்கியவர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அமைதியான குழுவிலும் அதே பத்துப் பேர்தான் பேசுவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள்.

நேரம் முதல் தடை. இரவு எட்டு மணி முதல் பத்து மணிவரை விவாதம் சூடுபிடிக்கும். அது பல வீடுகளில் பெண்கள் சமையலறையில் இருக்கும் நேரம். அவர்கள் பத்தரைக்குப் போனை எடுக்கும்போது நூற்றைம்பது செய்தி தாண்டி முடிவும் எடுத்தாகிவிட்டது. எந்த முடிவுக்கும் 48 மணி நேரம் திறந்து வையுங்கள். சென்னையில் இரவு ஒன்பது என்றால் டொரொண்டோவில் கோடையில் காலை பதினொன்றரை, அலுவலக நேரம். இந்த 48 மணி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முடிவுகளை வாக்கெடுப்பில் எடுக்கும்போது கவனம்: வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். குடியிருப்போர் குழுவில் சங்கத் தலைவருக்கு எதிராக அப்படி யார் வாக்களிப்பார்? டெலிகிராமில் பெயர் மறைத்த வாக்கெடுப்பு உண்டு. இல்லையென்றால் கூகுள் படிவம் போடுங்கள். அதில் மின்னஞ்சல் சேகரிப்பதையும் "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற கட்டுப்பாட்டையும் அணைத்துவிட வேண்டும். பின்னது இருந்தால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், பயந்தவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

அதே படிவத்தை "பெயரில்லாக் கேள்விப் பெட்டி" ஆக்கி நிரந்தரமாக வையுங்கள். வாரம் ஒரு நாள் அட்மின் அந்தக் கேள்விகளைக் குழுவில் போடட்டும். குழு எதைக் கேட்கத் தயங்குகிறது என்று உங்களுக்கே அப்போதுதான் தெரியவரும். யார் கேட்டிருப்பார் என்று ஊகிக்கும் செய்திகளைப் பார்த்தவுடன் நீக்குங்கள்.

வாரம் ஒரு முறை "சுற்று" வையுங்கள். ஒரே ஒரு கேள்வி, ஒருவருக்கு ஒரு செய்தி, பிறர் சொன்னதற்கு அன்று பதில் சொல்லக் கூடாது. "உங்கள் தோட்டத்தில் இந்த மாதம் என்ன செத்துப்போனது?" என்பது நல்ல கேள்வி. எல்லோரிடமும் பதில் இருக்கும், நிபுணர் தேவையில்லை. "இயற்கை விவசாயத்தின் எதிர்காலம் என்ன?" என்றால் அந்தப் பத்துப் பேர்தான் வருவார்கள். எழுதத் தயங்குகிறவர் ஒரு நிமிடக் குரல் பதிவு போடலாம். காது கேளாதவர்களுக்காகவும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்காகவும் யாராவது அதன் சாரத்தை இரண்டு வரியில் எழுதட்டும்.

ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசச் சொல்வது பலன் தரும், அழைக்கும் விதம் சரியாக இருந்தால். "தலித் பார்வையில் நீங்க சொல்லுங்க", "பெண்கள் சார்பா ஒரு கருத்து" என்று கூப்பிடுவது ஒருவரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாக்கி மேடையில் நிறுத்துவது. அவருக்குத் தெரிந்த விஷயத்துக்காக அழையுங்கள்: "போன மாதம் சொட்டுநீர்க் குழாய் பற்றி எழுதியிருந்தீர்கள், இவருடைய சிக்கலைப் பார்க்க முடியுமா?" அவர் சொன்ன யோசனையை ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொல்வது எல்லாக் குழுவிலும் நடக்கும். அட்மின் "இதை அவர் மேலே சொல்லியிருந்தார்" என்று சுட்டிக் காட்டினால் போதும், யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

பெண்களுக்கோ திருநர்களுக்கோ தனி உட்குழு வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். "பிரிவினை" என்று கூச்சல் வரும். அங்கே பேசிப் பழகியவர்கள் பொதுக்குழுவுக்கும் வருவார்கள். ஆனால் உட்குழு வந்துவிட்டது என்பதற்காகப் பொதுக்குழுவில் தொல்லையைப் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள்.

8. தனிச்செய்தித் தொல்லையும் சட்டமும்

புகார் வந்தால் நிரூபணம் கேட்டு நீட்டாதீர்கள். எண்ணும் நேரமும் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். அனுப்பியவரை அன்றே நீக்குங்கள், புகார் செய்தவர் பெயரைச் சொல்லாதீர்கள். "ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசிடலாம்" என்ற பஞ்சாயத்து வேண்டாம். வெளியேற்றும் முன் புகார்தாரர் அந்த எண்ணைத் தடுத்துவிட்டாரா, செய்திகளைச் சேமித்துவிட்டாரா என்று உறுதி செய்யுங்கள். தடுக்கும் அவசரத்தில் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் அதிகம், பிறகு காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தியாவில் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியலாம். 181 பெண்களுக்கான உதவி எண். 1930 இணையப் பண மோசடிக்கானது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் மாட்டுவாரா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்றன. மதுரை அமர்வும் 2021 டிசம்பரில் ஒரு வழக்கில், மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் அவர் பெயரைக் காவல்துறையின் இறுதி அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னது. அட்மின் தானும் அதில் பங்கெடுத்தால் கதை வேறு.

சிறார் பாலியல் படம் எதுவும் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சாட்சிக்கென்று இன்னொரு அட்மினுக்கு அனுப்பாதீர்கள். வைத்திருப்பதும் பகிர்வதும் தனிக் குற்றம். அனுப்பிய எண், நேரம், குழுப் பெயரைக் கையால் எழுதிக்கொண்டு, செயலிக்குள்ளேயே புகார் கொடுத்து, இணையதளத்திலும் பதிந்துவிட்டு அழியுங்கள்.

9. அட்மின் அணி

நூறு பேருக்கு ஓர் அட்மின் என்ற கணக்கு பரபரப்பில்லாத குழுவுக்குப் போதும். குறைந்தது மூன்று பேர், அதில் குறைந்தது இரண்டு பெண்கள். ஒரே ஒரு பெண் அட்மின் என்றால் பெண்கள் புகார் எல்லாம் அவர் தலையில் விழும், ஆறு மாதத்தில் அவரும் போய்விடுவார். எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரே ஊர், ஒரே சாதி என்றால், அவர்கள் எவ்வளவு நியாயமானவர்களாக இருந்தாலும் அவர்களைப் பற்றிய புகார் யாரிடமும் வராது. ஒருவராவது அந்த வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரு கூகுள் ஷீட்டில் ஆறு பத்தி: தேதி, யார், விதி எண், என்ன செய்தோம், எந்த அட்மின், மேல்முறையீடு. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் நீக்கிய அட்மின் தவிர இன்னொருவர் பார்க்க வேண்டும், ஏழு நாளுக்குள் பதில். மாதம் ஒரு முறை இந்தத் தாளைப் படிக்கும்போது பாருங்கள்: ஒரே மாதிரித் தவறுக்கு மூத்தவருக்கு எச்சரிக்கையும் புதியவருக்கு வெளியேற்றமும் கொடுத்திருக்கிறோமா? கொடுத்திருப்பீர்கள். குழுவைத் தொடங்கிய நண்பர், அதிகம் உழைக்கிறவர், நன்கொடை கொடுத்தவர் இவர்களிடம்தான் எல்லா விதியும் வளையும். அவர்களில் ஒருவருக்கு மூன்று நாள் பேச்சு நிறுத்தம் வரும் நாளில் குழுவே கூர்ந்து பார்க்கும்.

வசைகளைத் தொடர்ந்து படிப்பது உடம்பையும் மனத்தையும் தின்னும். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பணி வேண்டாம், மற்ற நாள் அறிவிப்புகளை அணைத்து வைக்கட்டும். சாதி வசை வரும் இழையைத் தலித் அட்மினிடமும், பாலியல் தொல்லைப் புகாரைப் பெண் அட்மினிடமும் மட்டுமே தள்ளுவது வேலைப் பிரிவினை அல்ல, மற்றவர்கள் தப்பித்துக்கொள்வது.

10. மூன்று மாதம் கழித்து

முதல் படியில் எண்ணிய அதே நான்கையும் மறுபடி எண்ணுங்கள். மொத்தச் செய்திகள் குறைந்திருக்கலாம், கவலை வேண்டாம். முதல் பத்துப் பேரின் பங்கு குறைந்திருக்கிறதா, பதில் வராத கேள்விகள் குறைந்தனவா, ஒரு முறை எழுதியவர்கள் இரண்டாம் முறை எழுதினார்களா என்று பாருங்கள். புகார்கள் கூடியிருந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி: முன்பு சொல்லாமல் போனவர்கள் இப்போது சொல்கிறார்கள். எட்டு, ஒன்பது மாதம் கழித்தும் அது குறையவில்லை என்றால் தாளைத் திறந்து, எத்தனை புகார் அதே நான்கைந்து பேரைப் பற்றியது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் அட்மினின் நண்பர்கள் என்பதை அடுத்து எண்ணுங்கள்.